மார்க்கெட் பை கைமாறிய விவகாரம்

உறையூர், திருச்சி.
சனிக்கிழமை, காபி வேளை.

அனுப்புநர்: சூ. அடைக்கலராஜ், தாலுகா அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு).
பெறுநர்: மைத்துனர் திரு. ஆசீர் அவர்கள், சென்னை.
பொருள்: எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தான்சானியா நாட்டு மாணவி நீமாவைக் கல்லூரி விடுதிக்கு மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும், தங்கள் அக்காள் அற்புதம்மாளும், அவளுடைய முழங்கால் வலியும், என்னுடைய சர்க்கரையும் ஒருவரை ஒருவர் அனுசரித்து நலமாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் துணைவியார் பெலிண்டாவும் இவை ஏதுமில்லாமலே நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று தாங்கள் வியக்கலாம். போனில் பேசினால் தங்கள் அக்காள் சமையலறையிலிருந்தே குறுக்கே பதில் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினாலோ, கண்ணாடி போடாமல் தன் மாத்திரைச் சீட்டைக்கூடப் படிக்க முடியாதவள், என் செய்தியை மட்டும் வாசலில் நின்றே படித்துவிடுகிறாள். ஆகவே தபால்.

தாங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரியும் வீடும் பார்த்துத் தரும் அலுவலகத்தில் இருப்பதால், கடந்த ஜூன் மாதம் நீமாவை எங்கள் மாடிக்கு அனுப்பிவைத்தீர்கள். அப்போது போனில் தாங்கள் சொன்னதை அப்படியே நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன்: "பாவம் அத்தான், ஊர் தெரியாத பொண்ணு, பாஷையும் தெரியாது. வெளிநாட்டுக்காரின்னா ஆளாளுக்கு ரெண்டு மடங்கு விலை சொல்வாங்க. நீங்கதான் கூட இருந்து ஏமாறாமப் பார்த்துக்கணும். அப்படியே மாசம் எவ்வளவு செலவாகுதுன்னும் எழுதி அனுப்புங்க, அடுத்து வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்." நானும், தாலுகா ஆபீஸில் பெரிய பெரிய ஆட்களையே நாற்காலி நுனியில் உட்காரவைத்தவன் என்ற முறையில், பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அங்கே பிடித்தது சனி.

முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அவளைக் காந்தி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். "நீ பேசாம பின்னாடி நில்லும்மா, அங்கிள் எப்படி வாங்குறேன்னு பாரு" என்று சொல்லிவிட்டு, வழக்கமாக வாங்கும் லூர்துராணியின் கடையில் போய் நின்று கம்பீரமாகத் தக்காளி விலை கேட்டேன். லூர்துராணி என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தாள், வழக்கமான விலையோடு இன்னும் இருபது ரூபாயை ஏற்றிச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் பர்ஸை எடுத்தேன். வேறு என்ன செய்வது, கௌரவமான மனுஷன் நடு மார்க்கெட்டில் நின்று பேரம் பேசுவதா? அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பர்ஸை மூடியது. அந்தப் பிள்ளை இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாக, என்னைக் கொஞ்ச நேரம் எதிர் டீக்கடையில் நிற்கச் சொன்னது. நின்றேன். டீ குடித்தேன். அங்கிருந்து பார்த்தால், பாஷை தெரியாத பிள்ளை தக்காளியைக் காம்புப் பக்கம் மோந்து பார்க்கிறது, ஒன்றைத் தள்ளுகிறது, ஒன்றை எடுக்கிறது, விரலால் விலை காட்டுகிறது, லூர்துராணி நெஞ்சில் கைவைத்து மாதா மேல் சத்தியம் செய்கிறாள், இது போவதுபோல நாலு எட்டு நடக்கிறது, அவள் கூப்பிடுகிறாள், இது திரும்பி வருகிறது, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எடை போட்டு முடிந்தும் பையை மூடாமல், அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாளே பார்க்கணும்! லூர்துராணி மறுபேச்சில்லாமல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும், ஒரு கை கொத்துமல்லியும், நாலு பச்சைமிளகாயும் கொசுறாக அள்ளிப் போட்டாள். பல வருஷமாக வாங்குகிறேன், எனக்கு ஒரு இலை போட்டவள் இல்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க கேட்டதே இல்லியே சார்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. நீமாவின் அம்மா, அவர்கள் ஊரில் கடல் மாதிரி இருக்கிற ஏரிக்கரை மார்க்கெட்டில் தக்காளிக் கடை வைத்திருக்கிறாராம். இவள் நடை பழகினதே தக்காளிக் குவியலுக்குப் பின்னால்தானாம். கொசுறு அங்கேயும் உண்டாம், பேர் மட்டும் வேறாம். கொசுறு கேட்காமல் போகிறவர்களைப் பற்றி உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று கேட்டேன். "வேண்டாம் அங்கிள்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரை யாரிடம் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள், மைத்துனரே?

சரி, மார்க்கெட்தான் அவள் கோட்டை, ஊர் சுற்றுவதில் நம்ம கை ஓங்கும் என்று ஒரு நாள் ஸ்ரீரங்கம் கூட்டிப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் அவள் முகத்தைப் பார்த்து ஒரு தொகை சொன்னார், நான் ஏறியே விட்டேன். அவள் என்னைக் கையைப் பிடித்து இறக்கி, டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். கண்டக்டர் அவளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் காசுக்குக் கையை நீட்டினார். ஏழு கடல் தாண்டி வந்தவள் இனாமாகக் காவிரிப் பாலத்தை வேடிக்கை பார்க்கிறாள், இந்த ஊரிலேயே பிறந்தவன் சில்லறைக்குப் பையைத் துழாவுகிறேன். கோபுரத்துக் கடைவீதியில் அவள் தங்கைக்கென்று நான் பாசமாக ஒரு மரச்சொப்பு வாங்கிக் கொடுத்தேன், சொன்ன விலைக்கு. பக்கத்துக் கடையில் அதைவிடப் பெரிய சொப்புப் பெட்டியை அவள் பாதி விலைக்கு வாங்கினாள். போதாக்குறைக்குப் பூக்காரம்மா, "இந்தப் பின்னலுக்கு வைக்காம யாருக்கு வைக்கிறது" என்று ஒரு முழம் மல்லிகையைச் சும்மாவே அவள் தலையில் சூட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற என்னை, "கைடா சார் நீங்க?" என்று கேட்டார்.

இதெல்லாம் உன் அக்கா காதுக்குப் போகாமல் இருக்குமா மச்சான்? ஒரு ஞாயிறு எங்கள் இருவர் பையையும் சமையலறைத் தரையில் கொட்டி, அவள் வாங்கினதையும் நான் வாங்கினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏங்க, இத்தனை வருஷமா நீங்க மார்க்கெட்டுக்குப் போனீங்களா, மொய் எழுதப் போனீங்களா?" என்றாள். அத்தோடு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் மஞ்சள் பை மாடிக்குப் போய்விட்டது. ஒரு நோட்டீஸ் உண்டா, விளக்கம் கேட்டது உண்டா? தாலுகா ஆபீஸில் பியூனை மாற்றுவதற்குக்கூட ஓர் ஆர்டர் போடுவோம். எனக்கு இப்போது மிச்சமிருக்கும் இலாகா காஸ் சிலிண்டர் பதிவு செய்வது மட்டும்தான், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சிரிக்காதே. ரிட்டயர் ஆனபிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆபீஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போவேன், நாலு பேர் "வாங்க சார்" என்பார்கள். இப்போது பூசை முடிந்து வந்து, அயர்ன் பண்ணின சட்டையோடு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது மச்சான், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன ஞாயிறு அவளுக்கு மறுநாள் பரீட்சை என்று பை மறுபடி என் கைக்கு வந்தது. இன்றைக்குக் காட்டுகிறேன் என்று, விலை சரியும் சாயங்கால நேரமாகப் பார்த்துப் போனேன். லூர்துராணி நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், உங்க பொண்ணு வரலையா?" என்றாள். பரீட்சை என்று மட்டும் சொன்னேன். என் பொண்ணு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்கிருப்பது ஒரே மகன், அவனும் பெங்களூரில் கிடக்கிறான், பொண்ணு வரலையா என்று என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை. அந்த யோசனையிலேயே கொசுறு கேட்க மறந்து நடந்தால், நாலு கடை தள்ளி ஒருவன் "பெட்டி நூறு, பெட்டி நூறு" என்று கத்துகிறான். ஒரு பெட்டி தக்காளி நூறு ரூபாய்! நான் தொண்ணூறு என்றேன், அவன் யோசிக்காமல் சரி என்றான். அவன் யோசிக்காதபோதே நான் யோசித்திருக்க வேண்டும். மிச்சம் பிடித்த பத்து ரூபாயைப்போலப் பதினைந்து மடங்கை ஆட்டோவுக்குக் கொடுத்துப் பெட்டியை வீட்டில் இறக்கினால், மேல் வரிசை தக்காளி, கீழே மொத்தமும் ரசம். உன் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, நடுங்கிவிட்டேன்.

காப்பாற்றியது யார்? நீமாதான், புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்தாள். "எங்க அம்மா கடையில மிஞ்சினா இப்படித்தான் செய்வாங்க ஆன்ட்டி, பிரியாணி அண்டாவை எடுங்க" என்று உட்கார்ந்து, அழுகினதை நறுக்கித் தள்ளி, நல்லதைக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சி எடுத்தாள். உன் அக்கா அதில் தன் பங்குக்குப் பூண்டும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தொக்காக்கினாள். என்ன ருசிங்கிறே! தெருவில் பாதி வீட்டுக்குக் கிண்ணத்தில் போனது. எதிர்வீட்டு இக்ரா மறுநாள் வந்து, "தக்காளியை அங்கிளே பார்த்துப் பார்த்து வாங்கினாராமே?" என்றாள். நான் முழித்தேன். மாடிப்படியில் நின்றிருந்த நீமா கண்ணை மட்டும் சிமிட்டினாள். இருபத்தொரு வயசு, அம்மா அனுப்பும் காசில் ஊர்விட்டு ஊர் வந்து படித்து, சமைத்து, நாலு மாதத்தில் தமிழும் பேசி, தோற்றவனுக்குப் பெருமையையும் வாங்கிக் கொடுக்கிற பிள்ளையை என்ன சொல்ல? அசந்து போய்விட்டேன்.

ஆனாலும் பை மறுபடி மாடிக்குத்தானே போனது. ஆகவே, நீ கேட்ட செலவு விவரம்: திருச்சியில் ஒரு வெளிநாட்டுப் பெண் வாழ ஆகும் செலவு, அதே வீட்டில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் வாழ ஆகும் செலவில் பாதி. மேற்படி காரணங்களை முன்னிட்டு, அவள் மனம் நோகாதபடி நல்ல காரணம் ஒன்றைச் சொல்லி, மாத முடிவுக்குள் அவளை விடுதிக்கு மாற்றி, என் பையை எனக்கு மீட்டுத் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெலிண்டாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். மாதாவின் துணை உங்கள் வீட்டு நிலைப்படியை விட்டு நகராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்,
சூ. அடைக்கலராஜ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது நீமா இறங்கி வந்தாள். "அங்கிள், ஹாஸ்டல்ல ஒரு இடம் காலியாம். இங்க குடுக்குற வாடகைய விட ஆயிரத்து ஐந்நூறு கம்மி. அம்மாவுக்கும் பாரம் குறையும். போயிரட்டுமா?" என்றாள். நான் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதிக் கேட்டதை அவளே தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறாள், மச்சான். சரிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஆயிரத்து ஐந்நூறை நானும் குறைச்சுக்கிறேன்." அவள் பதறிப்போய், "ஐயோ, அவ்வளவு குறைச்சா உங்களுக்குக் கட்டாது அங்கிள், ஐந்நூறு போதும்" என்றாள். நான் விடவில்லை. "ஆயிரத்து இருநூறு!" "அறுநூறு அங்கிள்!" நான் போவதுபோல வாசலைப் பார்த்து நாலு எட்டு நடந்தேன். சொந்த வீட்டைவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை, நல்லவேளையாக அவள் கூப்பிட்டுவிட்டாள். எண்ணூறில் முடிந்தது. வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் பேரம் இது. ஹாஸ்டல் இன்னும் மலிவுதானேம்மா என்றேன். அந்தக் குறைக்கு ஈடாகக் கொசுறு வேண்டும் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். என்ன வேணும் கேள் என்றேன். "ஞாயித்துக்கிழமை நீங்களும் வரணும். நான் பேசறேன், நீங்க பையை விரிச்சுப் பிடிங்க" என்றாள். ஆக, கொசுறு நான்தான். மேலே கண்ட கடிதம் முழுவதும் ரத்து, தபால்தலை வீணாகக் கூடாதே என்று அனுப்புகிறேன். அந்த ஹாஸ்டல் இடத்துக்கு உடனே வேறு யாரையாவது சேர்த்துவிடு, அவள் மனசு மாறுவதற்குள். உன் அக்கா பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள், நாளைக் காலைக்குள் காய்ந்துவிடும்.