ஒரிஜினல் சாரும் கூலி போர்டும்

சித்தூர் ஜில்லாவில் ஆங்கில மொழியோடு சொந்தப் பகை வைத்திருந்த ஆள் ஒருவர்தான் உண்டு. மற்றவர்களுக்கு ஆங்கிலம் வரும், அல்லது வராது. ஒரிஜினல் சாருக்கு ஆங்கிலத்தின் மேல் கோபம் வரும். பங்காளி மேல் வருகிற மாதிரியான கோபம். கூடவும் இருக்க முடியாது, விட்டுத் தொலைக்கவும் முடியாது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சம்பள நாளன்று மட்டும் கேட்கலாம். யார் எந்த ஆங்கில வார்த்தையைச் சொன்னாலும், "அதோட ஒரிஜினல் மீனிங் இன்னா தெரியுமா?" என்று மடக்குவார். தெரியாது என்றால் கோபிப்பார். தெரியும் என்றால் இன்னும் அதிகமாகக் கோபிப்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சித்தூரிலிருந்து பங்காருபாளையம் போகிற ரோட்டில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. நான் காட்பாடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து அங்கே வேலைக்குப் போய்வந்தேன். ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. அவர் டைம் ஆபீஸ். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு என்று பார்ப்பவர். நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் மாலை வரை வைத்திருக்கத் தெரிந்தவர். மாம்பழச் சாறு சொட்டுகிற ஃபேக்டரியில் அது லேசான காரியம் இல்லை.

சேர்ந்த அன்று மரியாதைக்காக அவரிடம் போய், "நைஸ் டு மீட் யூ சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நைஸ் என்றால் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத மடையன் என்று அர்த்தமாம். லத்தீனில் வேர் இருக்கிறதாம். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து மடையன் என்கிறாயேம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் எனக்கு வருகைப் பதிவில் காலதாமதம் என்று போட்டுக்கொண்டே இருந்தார். பஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

எங்கள் மேனேஜரும் தப்பவில்லை. அவர் கர்நூல் பக்கத்துக்காரர், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். மேனேஜர் என்ற சொல் இத்தாலியில் குதிரையைப் பழக்குவதிலிருந்து வந்தது என்று ஒரிஜினல் சார் ஒரு நாள் மீட்டிங்கில் எழுந்து சொன்னார். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். தன்னைக் குதிரைவீரன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். "அப்போ ஆபீஸ்ல மத்தவங்க எல்லாம் குதிரையா? நீங்க லாயக்காரரா?" என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். மறுநாள் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஆபீஸில் இருந்த நாங்கள் அனைவரும் அதற்கு முன்பே அதைக் கணக்குப் போட்டுவிட்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தோம்.

பித்தப்பையில் கல் என்று திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரிஜினல் சாரைச் சேர்த்தபோது பார்க்கப் போனேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, மனிதர் நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஹாஸ்பிடல் என்றால் ஒரிஜினலாக விருந்தாளியைத் தங்கவைத்து உபசரிக்கிற இடம், காலையிலிருந்து ஒரு வாய் காபி கொடுக்க ஆளில்லை, இது என்ன உபசாரம் என்று கேட்கிறார். ஆபரேஷன் முடியும்வரை தண்ணீர்கூடக் கூடாது என்றார் அந்தப் பெண். பேஷன்ட் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. பேஷன்ட் என்றால் கஷ்டத்தைத் தாங்குகிறவன் என்பதில் ஆரம்பித்து, அதைத் தன்னிடமே சொல்வதற்கு நர்ஸுக்கு எவ்வளவு துணிச்சல் என்பதுவரை போனார். பக்கத்துக் கட்டில்காரர் தனக்கு வேறு வார்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கோபம் எங்கே பிறந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் போலிருக்கிறது. முதல் வேலை திருப்பதியில், ஒரு ஏஜென்சி ஆபீஸில். இவர் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அங்கிருந்த அதிகாரி எல்லார் முன்னாலும் "சில்லி ஃபெல்லோ" என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவர் வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்திருக்கிறார்.

"சில்லின்னா ஒரிஜினலா ஆசீர்வாதம் பண்ணப்பட்டவன்னு அர்த்தம்மா," என்றார் படுத்தபடியே. "படிச்சதும் பாதிக் கோவம் போயிடுச்சி. மீதிக் கோவத்த வச்சிக்கினு மத்த வார்த்தைங்கள படிக்க ஆரம்பிச்சேன்."

அதற்கப்புறம் அவரைப் பார்த்து என்னால் முன்போலச் சிரிக்க முடியவில்லை. பின்னால் நின்று சிரித்தேன், அது வேறு.

ஆங்கிலத்துக்குப் போன நம் சொற்கள் என்றால் அவருக்குத் தனிப் பாசம். துபாய்க்குப் போய்த் திரும்பாத தம்பியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். நம் கட்டுமரம் அங்கே போய் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது. டிரம்களில் ஒட்டுகிற லேபிளில் 'மேங்கோ' என்று பார்க்கும்போதெல்லாம், இது நம் மாங்காய், போர்ச்சுகீசியக் கப்பலில் ஏறிப் போனது என்று தடவிக் கொடுப்பார். ஃபேக்டரி லேபில் வேலைபார்த்த திருச்சூர்ப் பெண் ஒரு நாள், அந்தக் கப்பல் வந்தது எங்கள் கரைக்கு, போனது எங்கள் மாங்ஙா என்று சொல்லிவிட்டார். பழத்தின் புளிப்பை அளக்கிற அந்த லேபுக்கும் டைம் ஆபீஸுக்கும் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. மேனேஜர் சமாதானம் செய்யப் போய், "மா தெலுகுலோ மாமிடி", எங்கள் தெலுங்கில் அது மாமிடி, என்று சொல்ல, இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் அவர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு அந்த சீசன் வந்தது. மாம்பழ சீசன் என்றால் ரோடு முழுக்க டிராக்டர் வரிசை. ஃபேக்டரியில் தோல் சீவவும் கொட்டை எடுக்கவும் சுற்று ஊர்களிலிருந்து பெண்கள் வருவார்கள். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பார்கள். மாம்பால் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்திருக்கும். அந்த வருஷம் கூழ் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் நேரில் பார்க்க வருவதாகத் தகவல். மேனேஜர் சுவரெல்லாம் வெள்ளையடித்தார். செடித் தொட்டிகள் வாங்கினார். எல்லாக் கதவுகளுக்கும் ஆங்கிலத்தில் போர்டு மாட்டினார். பெண்கள் வந்துபோகிற பக்கவாட்டு வாசலில் நீலத்தில் வெள்ளை எழுத்து: கூலீஸ் என்ட்ரன்ஸ்.

ஒரிஜினல் சார் காலையில் அதைப் பார்த்தார். வழக்கமாகக் கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறும். அன்றைக்குக் குரல் இறங்கியது. நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார். கையெழுத்து வாங்க நான் அங்கே நின்றிருந்தேன்.

"கூலின்றது செஞ்ச வேலைக்குக் குடுக்கிற காசு சார். மனுஷனுக்குப் பேர் இல்ல," என்றார். "எங்க வார்த்தை. கப்பல் ஏறிப் போகும்போது காசாப் போச்சி. வெள்ளக்காரன் அத்த ஆளுக்குப் பேரா மாத்தி, தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஜனங்கள மூட்டையாட்டம் அனுப்பிச்சான். அவன் துப்பினத நாம எடுத்து வாசல்ல மாட்டிக்கினு கீறோம்."

"கரெக்ட் இங்கிலீஷ்தானய்யா. டிக்ஷனரிலோ உந்தி," என்றார் மேனேஜர். அகராதியில் இருக்கிறதாம். வேலை நேரத்தில் வந்து பாடம் நடத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

கூலி என்ற சொல்லுக்கு வேறு வேர் சொல்கிறவர்களும் உண்டு என்று நான் பிறகு எங்கோ படித்தேன். அதனால் என்ன. வேர் எதுவாக இருந்தாலும் அந்தச் சொல் யாரை எப்படி மிதித்தது என்பதில் சந்தேகம் இல்லை. தொட்டிச் செடிகளுக்கு என்ன பெயர் என்று நர்சரிக்காரரிடம் விசாரித்து எழுதி வைத்தவர்கள், வருஷா வருஷம் வருகிற பெண்களுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள்.

மறுநாள் முதல் ஒரிஜினல் சார் அந்தப் பக்கவாட்டு வாசல் வழியாக வர ஆரம்பித்தார். செய்த வேலைக்குக் காசு வாங்குகிறவன் கூலி என்றால் நானும் கூலிதான் என்றார். அந்த வழி முழுக்க மாந்தோல் சறுக்கும். இஸ்திரிச் சட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வருவார். ஒரு நாள் விழுந்தார். எழுந்து, சட்டையில் மஞ்சள் கறையோடு, விழாதவர்போல வந்து உட்கார்ந்தார். லேப் பெண் டெட்டாலும் பஞ்சும் கொண்டுபோய்க் கொடுத்தார். மாங்காய்ப் பகை அத்தோடு முடிந்தது.

பெண்கள் நன்றி சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் போய் அந்தச் சொல்லின் சரித்திரத்தை முழுசாகச் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்கள். அவர்களில் மூத்தவர் தனம்மா. வடமாலபேட்டையில் பிறந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டவர். கடைசிவரை கேட்டுவிட்டுப் பேசினார்.

"சார், பலகையில இன்னா எழுதிக்கீதுன்னு எங்களுக்குப் படிக்கத் தெரியாது. கக்கூஸுக்குக் கதவு இல்ல. கோணி தொங்கிக்கினு கீது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கோணியப் புடிச்சிக்கினு நிக்கணும். அதுக்கு எதுனா இங்கிலீஷ் இருந்தா சொல்லு."

ஒரிஜினல் சார் ஆபீஸுக்குத் திரும்பினார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பெண்கள் வந்ததையும் போனதையும் பதிவு செய்தவர் அவர்தான். அந்தக் கோணிப் பக்கம் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். குரலில் இருந்த கோபம் இந்த முறை வேறு யார் மேலும் இல்லை.

மேனேஜரிடம் மறுபடி போனார். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. திரும்பத் திரும்பப் போனார். சீசன் முடிந்தால் பெண்களே இருக்க மாட்டார்கள், பிறகு கதவு யாருக்கு என்று கேட்டதற்கு வெளியே போகச் சொன்னார்கள்.

வெளிநாட்டு அம்மாள் வந்தார். நல்ல உயரம். ஒரு லேப், ஒரு டிரம் விடாமல் பார்த்தார். மேனேஜர் பின்னாலேயே செடித் தொட்டிகளைக் காட்டிக்கொண்டு போனார். ஒரிஜினல் சார் இன்றைக்கு மாங்காயில் ஆரம்பித்துக் கூலியில் முடிப்பார், ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். அந்த ஆர்டரில்தான் எங்கள் எல்லாருடைய பிழைப்பும் இருந்தது.

பக்கவாட்டு வாசல் பக்கம் வந்ததும் ஒரிஜினல் சார் முன்னால் போய் நின்றார். மேனேஜர் கண்ணைக் காட்டினார், இவர் பார்க்கவில்லை. அந்த அம்மாளை வணங்கி, இந்தப் பக்கம் வாருங்கள் என்று கையால் காட்டி, நேராகக் கோணி தொங்குகிற இடத்துக்குக் கூட்டிப் போனார். சொல்லுக்குச் சொல் வேர் தெரிந்த மனிதர், வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஆங்கில வாக்கியத்தைச் சொன்னார்.

"மேடம், நோ டோர்."

அந்த அம்மாள் கோணியைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே சித்தூரிலிருந்து தச்சர் வந்துவிட்டார். கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், எல்லாம் ஆனது. போர்டும் கழன்றது. அதற்குப் பதிலாக 'லேபர் கேட்' என்று வந்தது. லேபர் என்றால் ஒரிஜினலாக என்று அவர் வாயெடுத்தார். தனம்மா ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆர்டரும் வந்தது. கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சீசன் முடிந்த கையோடு அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விருந்தாளி முன்னால் கம்பெனியைத் தலைகுனிய வைத்தாராம். கதவில்லாமல் எத்தனை வருஷம் எத்தனை பெண்கள் தலைகுனிந்தார்கள் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. நான் மேனேஜரிடம் போய் இது நியாயமா என்று கேட்டேன். "உன் பணி நுவ்வு சூஸ்கோம்மா" என்றார், உன் வேலையைப் பார் என்று. அடுத்த வருஷம் நான் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஒரிஜினல் சார் இப்போது திருப்பதியில் பக்தர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அறையைக் காலி செய்ய வந்த ஒரு குடும்பத்தை நிற்கவைத்து, 'செக்' என்பது ராஜாவைக் குறிக்கிற 'ஷா' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது, செக் அவுட் என்றால் ராஜாவை வெளியே போ என்கிற மாதிரி, இது மரியாதையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ராஜா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பித்தப்பை போனபின் உடம்பு பரவாயில்லை என்றார். லாட்ஜ் முதலாளியை அவர் காதில் விழும்படியாகவே திட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். வெயிலில் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்து, கண்டக்டரிடம் வாதாடி எனக்கு ஜன்னலோர சீட்டு பிடித்துக் கொடுத்தார். பஸ் கிளம்புகிறவரை போகவில்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குக் கீழேயே நின்றார்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு போன் போடும்மா," என்றார்.

காட்பாடியில் இறங்கி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதலில் அவருக்குப் போன் போட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.