கொயோட்டித் தோலில் இருந்த துளை பற்றி அல்பேர்ட் மாமாவுக்கு

ரொம்மன், ஒஸ்லோ
18.02.2007

அன்பும் மதிப்பும் உள்ள அல்பேர்ட் மாமாவுக்கு,

உங்கள் பார்சலைப் பிரித்தபோது நான் முதலில் கண்டது, உரோமத்துக்குள் சிக்கியிருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு. சுண்டுவிரல் நகமளவு, தோடம்பழ நிறம், ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் வரிவரியாக இருந்தது. கழுவி என் ஜக்கெற் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கினால் அம்மா கோபிப்பார். ஆகவே, இங்கே நாங்கள் மூவரும் சுகம், வாசலில் முழங்கால் அளவு பனி, நீங்களும் மாமியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், நீங்கள் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளுக்கு நல்ல காரம்.

நீங்கள் தோலோடு வைத்த துண்டுக் கடிதத்தில், கனடாவில் ஓநாய்ச் சாதியான அந்தக் கொயோட்டியை ஒரே வெடியில் விழுத்தியதாகவும், துளை மட்டும் பெரிதாகிவிட்டதாகவும், அதைத் தைத்து மாமியின் குளிர்ச்சட்டைக்குக் கழுத்துப்பட்டி செய்து தரும்படியும், அடுத்த முறை தோல் கெடாமலிருக்க துவக்குக்கு எந்தக் குண்டு, எந்தச் சன்னம் வாங்க வேண்டும் என்று நான் வேலை செய்யும் தோல் கடையில் கேட்டு டெலிபோனில் சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். டெலிபோனுக்கு அப்பா விடவில்லை. ஊரில் சண்டை நடக்கிற இந்த நாளில் இரண்டு தமிழ் வீடுகளுக்கு இடையில் ஒருத்தர் 'துவக்கு' என்று சொல்ல மற்றவர் 'சன்னம்' என்று சொன்னால் மூன்றாவதாக ஒருத்தர் ஒட்டுக்கேட்டு எழுதிக்கொள்வார் என்பது அவருடைய முடிவு. அதனால்தான் கடிதம். எனக்கும் அது வசதி. நான் வாயால் கதைப்பதைவிடக் கையால் கதைப்பேன் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலேயே சொல்வார்கள்.

பார்சல் வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமிருந்து அதைக் கொண்டு இங்கே ஒரு கலியாணத்துக்கு வந்திருக்கும் சத்தியபாமா அன்ரி உங்களோடு கோபம். அவரிடம் கம்பளி என்று சொல்லிக் கொடுத்தீர்களாம், அவரும் கலியாணத்துக்குக் கட்டும் கூறைச் சேலைக்கு மேலேயே அதை வைத்துக் கொண்டுவந்தார், இங்கே வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்திறங்கிப் பெட்டியைத் திறந்தால் உப்புத் தோல் மணம் எழும்பியது, அம்மா அது கருவாடு என்று நினைத்து, விரதகாரி கண்ணில் படக்கூடாது என்று பிரிக்காமலே கொண்டுபோய் பிறீசரில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கப் பேப்பரைக் கிழித்தவருக்கு ஒரு காது தெரிந்தது, மிச்சத்தைப் பிரித்தது நான். பிறகு அம்மா அன்ரிக்குச் சொல்ல, அன்ரி சேலையை மூன்று தரம் தோய்க்கக் கொடுத்தார். இப்போதும் மணக்கிறது என்கிறார். எனக்கு மணக்கவில்லை, ஆனால் என் மூக்கு இப்போது வேலைக்குப் பழகிய மூக்கு.

வேலை பற்றி அப்பா உங்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பார், முழுவதும் சொல்லியிருக்க மாட்டார். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதற்குக் காரணம் படிப்பு இல்லை மாமா. எழுத்தில் எல்லாம் நல்ல புள்ளி. வகுப்புக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்தார்கள். மூன்று தரம் நின்றேன், மூன்று தரமும் வாய் திறக்கவில்லை, நாலாம் தரம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. பிறகுதான் லில்லெஸ்ட்ரோமில் இந்தத் தோல் பதனிடும் கடை கிடைத்தது. பின்னறையில் இருந்து நரித்தோல்களின் துளைகளைத் தைப்பது என் வேலை, யாரோடும் கதைக்கத் தேவையில்லை, எனக்குச் சொர்க்கம். ஆனால் அது ஆறு மாதப் பரீட்சார்த்த வேலை. முதலாளி இங்கெர் ஜனவரியில் வந்து, தைக்கத் தனக்கும் தெரியும், வாடிக்கையாளரோடு கதைக்கத்தான் ஆள் வேண்டும், பெப்ரவரி பதினாறாம் திகதிக்குள் நான் வாய் திறக்காவிட்டால் வேறு பிள்ளையைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை. அந்த வேலையும் போனால் எனக்கு எங்கே போவதென்று தெரியாது.

இனிச் சன்னம். இது இங்கெரிடம் கேட்டு எழுதியதில்லை, தைத்துப் படித்தது. செப்டெம்பரில் இருந்து நூற்று நாற்பது தோல் தைத்துவிட்டேன், ஒரு துளைக்கு எவ்வளவு நூல் போகிறது என்று பார்த்தே உள்ளே போன சன்னம் எது என்று சொல்வேன். மான் சுடுகிறவர்கள் பாவிக்கும் ஈய மூக்குச் சன்னத்தை நரிக்குப் பாவித்தால் போகிற பக்கம் சட்டைப் பொத்தான் அளவு, வெளியேறுகிற பக்கம் இடியப்பத் தட்டு அளவு, ஏனென்றால் அது உடம்புக்குள் காளான் மாதிரி விரிந்துகொண்டு போகும், அப்படித் தோல் வந்தால் இங்கெர் திருப்பியே அனுப்பிவிடுவார். முழுவதும் செம்பு உறை போட்ட சன்னம் விரியாது, போகவும் வரவும் ஒரே அளவு, பக்கத்துக்கு இரண்டு தையல், எனக்கு அதுதான் பிடிக்கும் என்று சொன்னதற்கு இங்கெர் முறைத்தார், அதில் பட்ட மிருகம் உடனே விழாமல் காட்டுக்குள் ஓடி வேதனைப்பட்டுச் சாகும், தோல் பழுதில்லாமல்தான் இருக்கும் ஆனால் காட்டுக்குள் இருக்கும் என்றார். அதனால் நான் சொல்வது, சிறிய வாய்த் துவக்கில் போடுகிற, நுனியில் பள்ளம் உள்ள, பாரம் குறைந்த வேகச் சன்னம். அது உள்ளே போய்த் தூளாகும், மிருகம் நின்ற இடத்திலேயே விழும், அனேகமாக வெளியே வராது, ஒரே ஒரு துளை, நான் விரலால் தடவித்தான் தேட வேண்டியிருக்கும். தோள் எலும்பில் மட்டும் படக்கூடாது, பட்டால் மேலேயே வெடித்துத் தோலைக் கிழித்துவிடும், தோளுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சில் பட வேண்டும். கொயோட்டி நரியைவிடப் பெரிது என்பதால் அதே வகையில் ஒரு படி பாரமானதை எடுங்கள். உங்கள் துவக்கு என்ன துவக்கு என்று எழுத மறந்துவிட்டீர்கள்.

இதை எல்லாம் இவ்வளவு சரளமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், இதையே நான் போன வியாழக்கிழமை இருபத்திரண்டு வேட்டைக்காரருக்கு முன்னால் சொல்ல வேண்டி வந்தது. அவர்களுடைய சங்கக் கூட்டத்தில் 'சன்னமும் தோலும்' என்று பேச இங்கெர் ஒப்புக்கொண்டிருந்தார், புதன்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிச் சத்தமே இல்லாமல் போய்விட்டது, ஒரு கடதாசியில் 'நீ பேசு' என்று எழுதி நீட்டினார். அவர் கெடு வைத்த பதினாறாம் திகதி, கூட்டத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் விடிய விடிய யோசித்து, ஆறு தோலில் ஆறு துண்டு எழுதிக் கட்டி, வாயே திறக்காமல் ஆளாளுக்குக் கைமாற்றிப் பார்க்கவிடுவது என்று முடிவு செய்தேன். துவக்கு வைத்திருக்கும் இருபத்திரண்டு ஆம்பிளைகள் கூடுகிற இடத்துக்குப் பெண்பிள்ளையைத் தனிய விடமாட்டேன் என்று அப்பாவும் பஸ் ஓட்டுகிற உடுப்போடேயே வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

ஆறு தோலையும் அவர்கள் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தார்கள். அப்போதுதான் ஏழாவது தோல் ஒன்று துண்டு இல்லாமல் சுற்றுவதைக் கண்டேன். தைப்பதற்காகப் பையில் வைத்திருந்த உங்கள் கொயோட்டி. தாடி அடர்ந்த ஒரு தாத்தா துளைக்குள் முழு உள்ளங்கையையும் விட்டு, இது எல்க் என்கிற பெரிய மானைச் சுடும் சன்னம் என்றார். பக்கத்தில் இருந்தவர் இல்லை, ஐந்து மீற்றரில் நின்று சுட்ட சிதறு வெடி என்றார். மூன்றாவது ஆள், இந்தத் துளைக்குப் போன பக்கமும் இல்லை வந்த பக்கமும் இல்லையே என்றார். பின்னால் இருந்து அப்பா எழும்பி, தன் அக்காவின் புருசன் கனடாவில் ஒரே வெடியில் விழுத்தியது, மூன்று தரம் தன்னிடம் சொன்னவர் என்று நோர்வேஜிய மொழியில் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தாடிக்காரர் என் பக்கம் திரும்பி, தைக்கிற ஆள் நீதானே, என்ன சன்னம் என்று நீ சொல்லு என்றார். இங்கெர் முதல் வரிசையில் சால்வையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா, நான் உங்களை நினைத்தேன். எல்க் சன்னம் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் என் கை ஜக்கெற் பைக்குள் போய்விட்டது, அந்தத் தோடம்பழ நிறத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"கார்," என்றேன். "இடது பக்கச் சிக்னல் விளக்கு."

பிறகு அவர்களுக்குள் இருந்த ஒரு மெக்கானிக் வந்து துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காரில்லை, வான், பத்து வருசத்துக்கு மேல் பழசு என்றார். அதோடு சபை விழுந்து விழுந்து சிரித்தது. தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார், தோலில் நசுங்கிய பக்கத்தைக் காட்டினேன், அடுத்தவர் வேறொன்று கேட்டார், அதற்கும் சொன்னேன், அப்படியே செம்பு உறை, பள்ள மூக்கு, தோள் எலும்பு என்று நாற்பது நிமிடம் நின்று கதைத்திருக்கிறேன், கதைத்தது எனக்கு முடிந்த பிறகுதான் தெரியும். போகும்போது இங்கெர் ஒரு கடதாசி நீட்டினார். 'நிரந்தரம். திங்கள் எட்டு மணி.'

காரில் ஸ்டோவ்னர் வரைக்கும் அப்பா றோட்டையே பார்த்து ஓட்டினார். எனக்குப் பயம், சபையில் சொந்த மாமாவையே கவிழ்த்துவிட்டேன் என்று ஏசப்போகிறார் என்று. சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, தன் பக்கச் சிக்னல் மினுங்குவதைப் பார்த்தார்.

"பிள்ளை, அத்தான் கனடாவிலை துவக்கு வாங்கினவரோ?"

"தெரியாது அப்பா."

"எனக்குத் தெரியும், வாங்கேல்லை. துவக்கு லைசென்சுக்கு எழுதிப்போட்டால் பேரைப் பார்த்துப்போட்டு ஆக்கள் விசாரிச்சு வருவாங்கள் எண்டு போனமாசமும் என்னட்டைச் சொன்னவர்." பிறகு சிரிக்கத் தொடங்கினார், பச்சை விழுந்ததும் தெரியவில்லை, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். சிரித்து முடித்து, அக்காவுக்கு இது தெரியக்கூடாது, கனடா முழுக்கச் சொல்லித் திரிகிறா, உன் வாயை இனியாவது பொத்து என்றார். அந்த வாய் திறந்து அப்போது ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

ஆகவே மாமா, இதை மாமி இல்லாத நேரம் தனிய வாசியுங்கள், வாசித்ததும் கிழித்துவிடுங்கள். என்னை மன்னிக்க வேண்டும். துளையை உட்பக்கத்தால் முப்பட்டை ஊசியில் நாற்பத்தொரு தையல் போட்டு மூடிவிட்டேன், ஊதிப் பார்த்தாலும் தெரியாது, கழுத்துப்பட்டி கலியாணம் முடிந்து அன்ரியோடு வரும். அன்ரியிடம் இந்த முறை உண்மையைச் சொல்லித்தான் கொடுப்போம். நீங்கள் இருவரும் நல்ல சுகத்தோடும், உங்கள் பழைய வானுக்கு இரண்டு பக்க விளக்கோடும் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.

என்றும் அன்புள்ள மருமகள்,
கம்சிகா

பி.கு: கடிதத்தை உறையில் போடப் போகும்போது பார்க்கிறேன், அப்பா முகவரியை எழுதி முத்திரையும் ஒட்டிவிட்டார், மாமியின் பெயருக்கு. ஆம்பிளைப் பெயருக்குச் சன்னம் பற்றிய கடிதம் போனால் உடைத்துப் பார்ப்பார்களாம், பொம்பிளைப் பெயர் என்றால் சமையல் குறிப்பு என்று விட்டுவிடுவார்களாம். வேறு உறை வீட்டில் இல்லை. அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், பஸ்ஸுக்கு நேரமாம், பின்பக்கம் ஏதாவது எழுதிச் சமாளி பிள்ளை என்கிறார். ஆகவே பின்பக்கத்தில் மாமிக்கு நாலு வரி எழுதி, அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து ஒட்டப்போகிறேன்.

அன்புள்ள கிருஷ்ணகுமாரி மாமிக்கு, கம்சிகா எழுதுவது. நாங்கள் சுகம். கழுத்துப்பட்டி மிக வடிவாக வந்திருக்கிறது. மாமா ஒரே வெடியில் விழுத்தியது என்று இங்கே இருபத்திரண்டு வேட்டைக்காரர் கைதட்டினார்கள். மறுபக்கத்தில் இருப்பது எல்லாம் ஊசி, நூல், தோல் பதனிடுவது பற்றிய அலுப்பான விபரம், உங்களுக்கு வேண்டாம், மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்.