என் கையில் முளைத்தது

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலமென்று உங்கள் மகளிடம் தினமும் போனில் சொல்வது என் காதிலும் விழுகிறது, அதனால் தனியாகக் கேட்கவில்லை.

போன மாதம் நீங்கள் இங்கே தங்கியிருந்தபோது, காலேஜில் கிருமிப் படிப்பு படிக்கும் நம் பேத்தி, கூழ் உறைந்த இரண்டு வட்டத் தட்டுகளில் நம் இருவர் விரலையும் ஒற்றிக்கொண்டு போனாள். திரும்பக் கொண்டுவந்தபோது உங்கள் பெயர் போட்ட தட்டு துடைத்துவிட்டது போல இருந்தது. என் தட்டில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக மண்டிக் கிடந்தது. நான் எதை நட்டாலும் முளைக்கும் கைராசிக்காரி, ஜெயித்துவிட்டேன் என்று எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்போதுதான் நீங்கள், "ஐயய்யோ, அத்தனையும் கிருமி! இந்தக் கையாலயா நம்ம குட்டிப் பயலுக்கு ஊட்டுறீங்க?" என்றீர்கள். போகும்போது உங்கள் மகளிடமும் ஓதிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து நான் கிண்ணத்தைத் தொட்டாலே, "நானே ஊட்டிக்கிறேன் அத்தை" என்கிறாள். பேத்திக்குப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்த பேரன் என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறான், அவள் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கல்யாணத்தன்றே நான் கொடுத்த டம்ளரைத் துடைத்துவிட்டுத்தான் குடித்தீர்கள். நீல ஓரம் போட்ட கைக்குட்டை. நான் மறக்கவில்லை.

பேத்தியை உட்காரவைத்துக் கேட்டேன். உலகத்துக்கு முதலில் வந்ததே கிருமிதானாம். முந்நூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்பே இருந்ததாம், மனுஷன் நேற்று வந்தவன். காற்றில் நாம் உயிர் பிழைக்க வேண்டிய பிராணவாயுவைக் கடலில் கிடந்த பச்சைக் கிருமிக் கூட்டம்தான் ஊதி நிரப்பியதாம். ஒரு கிருமி இன்னொரு கிருமியை விழுங்க, அது செரிக்காமல் உள்ளேயே தங்கி, இன்றைக்கும் நம் உடம்புக்குச் சக்தி கொடுக்கிறதாம். "அப்போ வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு, உங்கம்மாவைப் பெத்த தாத்தா மாதிரி" என்றேன். "இது வேலை செய்யும், பாட்டி" என்றாள்.

கையில் குடியிருப்பதில் முக்கால்வாசி சாதுவாம், கெட்டது வந்தால் ஒண்டவிடாதாம். அப்பேர்ப்பட்ட ஆதிகாலத்துக் குடும்பம் என் கையை நம்பி இருக்கிறது. ஒன்றுமே தங்காத கை என்ன கை? ஆகையால் உடனே உங்கள் மகளுக்குப் போன் போட்டு, அத்தையே ஊட்டட்டும் என்று சொல்லவும்.

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும், நீங்கள் உட்பட.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பேத்தி வந்து சொல்கிறாள், பெயரைத் தட்டின் அடியில் எழுதாமல் மூடியில் எழுதினாளாம், மூடி இரண்டும் மாறிவிட்டதாம். மண்டிக் கிடந்தது உங்கள் விரலாம். யோசித்துப் பார்த்தால், அந்தக் கை குழந்தைக்கு ஊட்டக்கூடாது என்று நீங்கள் சொன்னது ரொம்ப நியாயம்.