மேனேஜர் வீட்டுக் குழாய்

"என்னங்க, குழாய் ஒழுகுது."

மேனேஜர் காதில் விழுந்தது. விழாத மாதிரி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, சட்டையில் மூன்றாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பொத்தான் போய் எத்தனையோ நாளாகிறது.

"மூணு மாசமா தையல் வகுப்புக்குப் போற. ஒரு பொத்தான் தைக்கத் தெரியல."

"இன்னும் பொத்தான் பாடம் வரலைங்க" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே. "குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன்."

"பார்க்கலாம்."

"அப்படியே அந்த ஜன்னலையும்..."

"அதையும் பார்க்கலாம்."

கல்யாணமாகிப் பத்து வருஷமாக அந்தச் சமையலறைக்கு ஒரு ஜன்னல் கேட்கிறாள். பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியும். பத்து வருஷமாக அவரும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மேனேஜர் என்றால் சாதாரண மேனேஜர் இல்லை. இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையத்துக்கு மேனேஜர். குழாய் வேலை, கரண்ட் வேலை, கொத்து வேலை, தச்சு வேலை, தையல் எல்லாம் அங்கே உண்டு. வேலைவெட்டி இல்லாமல் தெருமுனையில் நின்ற பிள்ளைகள் அங்கே வந்து, கையில் ஒரு தொழிலோடு வெளியே போகிறார்கள். நல்ல இடம். மேனேஜருக்கு மட்டும் ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாது. மாடியறையை விட்டு இறங்கிப் பட்டறைப் பக்கம் போனதே கிடையாது, தூசி ஆகாதாம்.

அவருடைய தொழில் பேச்சு. "தொழிலுக்கு ஏது ஆண், பெண்?" என்று மைக்கைப் பிடித்தாரானால் சபையே எழுந்து கைதட்டும். அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, "நீயும் சும்மா இருக்காம தையல் கத்துக்கோ, பொம்பளைக்கு அதான் லாயக்கு" என்று மனைவியைச் சேரச் சொன்னதும் அதே வாய்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். வேறு வாரமாக இருந்தால் குழாய் ஒழுகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மையத்தின் சேர்மன் அம்மா அவர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். புதிதாக ஒரு மையம் திறக்கிறார்கள், இதைவிட மூன்று மடங்கு பெரியது. அதற்குத் தலைமை யார் என்று அந்த அம்மாதான் முடிவு செய்யவேண்டும். ஒருவன் வீட்டைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி என்பது அவர் கொள்கை. தொழிற்பயிற்சி மேனேஜர் வீட்டில் குழாய் ஒழுகினால் பதவியும் சேர்ந்து ஒழுகிவிடும்.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க தொடாதீங்க. நான்..."

"நீ தள்ளு. பெரிய ஸ்பேனர் எங்க?"

பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்த ஸ்பேனரைக் குழாயில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. படக் என்று ஒரு சத்தம். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது.

"ஐயையோ! பிடி பிடி! எதையாவது வச்சு அடை!"

திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். கொல்லைப்பக்கம் போயிருந்தாள். இரண்டு நொடியில் தண்ணீர் தானாக நின்றது.

"பார்த்தியா?" என்று முகத்தை வழித்துக்கொண்டார் மேனேஜர். "டேங்க் காலியாயிடுச்சு. பதறக் கூடாது."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "ஆமாங்க. பதறக் கூடாது."

உடனே பிளம்பிங் மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், நாளைக்குக் காலைல நாலு பசங்களை என் வீட்டுக்கு அனுப்புங்க. குழாய் ரிப்பேர்."

"உங்க வீட்டுக்கா சார்?" மாஸ்டர் குரலில் அப்படியொரு ஆச்சரியம். "உங்க வீட்டுக்கு எதுக்கு சார் ஆளு?"

"எதுக்கா? நான் ஆபீஸைப் பார்ப்பேனா, குழாயைப் பார்ப்பேனா?"

"அதில்ல சார், வீட்டிலேயே..." என்று மாஸ்டர் இழுத்தார். மேனேஜர் போனை வைத்துவிட்டார். கீழே வேலை செய்பவர்கள் இழுத்துப் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். நெட்டை என்று கூப்பிடப்பட்டவன் தலைவன். "வணக்கம் சார்" என்றவன், "வணக்கம்க்கா!" என்றபோது மட்டும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று மேனேஜர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

நெட்டை குழாய்த் தலையைத் திருப்பிப் பார்த்தான். "சார், இதுக்குள்ள வாஷரே இல்லையே!"

"தேஞ்சு தண்ணியோட போயிருக்கும்."

நெட்டை மனைவியைப் பார்த்தான். மனைவி உத்தரத்தைப் பார்த்தாள்.

"வாஷர் மட்டும்னா ரெண்டு நிமிஷ வேலை சார். ஆனா யாரோ தப்பான பக்கமாப் போட்டுத் திருகியிருக்காங்க. சுவத்துக்குள்ள பைப்பே விண்டு போச்சு. யார் சார் அது? மாடு கட்டி இழுத்த மாதிரி இருக்கு."

"யாரோ. அதை விடு. சுவத்தை உடைக்கணும்னா உடை."

உடைத்தார்கள். ஈரம் சுவரோடு சுவராக ஏறி சுவிட்ச் பெட்டிக்குள் போயிருந்தது. ஒருவன் விளக்கைப் போட்டான். டப்பென்று வெடித்து வீட்டுக்கே கரண்ட் போய், சமையலறை கும்மிருட்டாகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இந்த நேரம் பார்த்தா சேர்மன் அம்மாவின் போன் வரவேண்டும்?

"என்ன மேனேஜர், ஞாயித்துக்கிழமை வரலாமில்ல?"

"தாராளமா வாங்கம்மா!" என்றார் மேனேஜர், இருட்டில் ஒரு வாளியில் காலை விட்டபடி.

"பிளம்பிங் வகுப்புல ஒரு பொண்ணு சேர்ந்திருக்காமே? மாஸ்டர் ஓஹோங்கிறார். பொண்ணுங்க இந்த வேலைக்கு வரணும்னு நான் எவ்வளவு நாளா தலைதலையா அடிச்சுக்கறேன். உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

மேனேஜருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ரொம்ப நல்லாத் தெரியும். நான்தானே பேசிப் பேசி மையத்துக்கே வரவெச்சேன்!"

"அப்படியா! அப்போ ஞாயித்துக்கிழமை அவளையும் பார்த்துடறேன். மாஸ்டரைக் கூட்டிட்டு வரச் சொல்லிடறேன்."

போனை வைத்த மேனேஜருக்கு வியர்த்தது. மெல்ல நெட்டையிடம் போனார்.

"தம்பி, உங்க வகுப்புல ஒரு பொண்ணு இருக்காமே. பேரென்ன?"

டீ குடித்துக்கொண்டிருந்த நெட்டைக்குப் புரையேறியது. "நாங்க... அக்கான்னுதான் சார் கூப்பிடுவோம்."

இதற்கு மேல் கேட்டால் மானம் போகும். எந்தப் பெண் வந்தாலும் "வாம்மா, நல்லாயிருக்கியா?" என்று சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார்.

மத்தியானம் கரண்ட் வகுப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஈரச் சுவத்துல சுவிட்ச் பெட்டி இருக்கவே கூடாது சார். எதிர்ச் சுவத்துக்கு மாத்தணும்" என்றாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்து, "அக்கா, இந்தக் குகையிலயா சமைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"பத்து வருஷமா சமைக்கிறா. ஒண்ணும் குறைஞ்சு போகல" என்றார் மேனேஜர்.

சுவிட்ச் பெட்டியைப் பெயர்த்து எடுத்தார்கள். ஒரு பக்கம் குழாய்க்காரர்கள் உடைத்த பள்ளம், ஒரு பக்கம் பெட்டி இருந்த பள்ளம். நடுவில் இருந்த செங்கல்லுக்குப் பிடிமானமே இல்லை. சனிக்கிழமை காலையில் மேனேஜர் டீயும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கல் சுவரின் அந்தப் பக்கம் போய் விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னும் நாலு கல்.

ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்தது. நேராக வந்து அடுப்புமேல் விழுந்தது. மனைவி அந்த வெளிச்சத்தில் போய் நின்றாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது மேனேஜருக்கே மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், சீக்கிரமே செய்து கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த நொடியே சேர்மன் அம்மா ஞாபகம் வந்து பாவத்தைப் பின்னால் தள்ளிவிட்டது.

"மேஸ்திரியைக் கூப்பிடுங்கடா!"

பிள்ளைகள் கூட்டி வந்தது ஒரு பெண்ணை; மேஸ்திரி என்பது அவள் பட்டப்பெயர். கொத்து வகுப்பில் அவள் மட்டும்தான் சரியாகத் தூக்குக் குண்டு பிடிப்பாளாம். வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். பென்சிலால் சதுரமாக ஒரு கோடு. மேனேஜர் குனிந்து பார்த்தால், அதற்கு அடியில் ஏற்கெனவே அதே சதுரம் சாக்பீஸில் மங்கலாகத் தெரிந்தது.

"இது யார் போட்டது?"

"பழைய சுவர் சார், என்னென்னமோ இருக்கும்" என்றாள் மேஸ்திரி அவசரமாக. "சார், இவ்வளவு பெரிய ஓட்டையை அடைச்சா நிக்காது. இடிஞ்சு விழுந்தா யார் தலையில விழும்னு சொல்ல முடியாது. ஒரே வழிதான் இருக்கு."

"என்ன?"

நெட்டை காலால் தரையைத் தேய்த்தான். மனைவி பாத்திரத்தைத் துடைத்தாள்.

மேனேஜர் முகம் பளிச்சென்று ஆனது. "ஏன், ஒரு ஜன்னல் வச்சுட்டா என்ன?"

"அடடா! எங்களுக்குத் தோணவே இல்லையே சார்!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தச்சு வகுப்பில் ஒரு ஜன்னல் சும்மா கிடக்கிறது என்று நெட்டை ஓடிப்போய் எடுத்து வந்தான். தூக்கி வைத்தால், அளவெடுத்துச் செய்த மாதிரி அந்தச் சதுரத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"பார்த்தியா?" என்றார் மேனேஜர் மனைவியிடம். "நம்ம மையத்துத் தரம் அப்படி!"

"எல்லாம் உங்க யோசனைதாங்க" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சேர்மன் அம்மா வந்தார். கூடத்தில் உட்காருவார் என்று பார்த்தால், "அடுக்களை எங்க இருக்கு?" என்று நேராக உள்ளே நடந்துவிட்டார். மேனேஜரும் பின்னாலேயே ஓடினார். ஜன்னலைச் சுற்றி சிமெண்ட் இன்னும் ஈரம். எதிர்ச் சுவரில் ஒயருக்காக வெட்டிப் பூசாமல் விட்ட கோடு. மூலையில் ஒரு கூடை செங்கல் துண்டு.

"என்ன இதெல்லாம்?"

மேனேஜர் வாயைத் திறந்தார். வாய்தான் அவரை என்றைக்கும் கைவிட்டதில்லையே! "நம்ம பிள்ளைங்களுக்குச் செய்முறைப் பயிற்சிம்மா. வெளி வீட்டுல தப்பு நடந்தா மையத்துக்குக் கெட்ட பேரு. அதான் என் வீட்டையே கொடுத்துட்டேன்."

சேர்மன் அம்மா ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். குழாயைத் திருகி, ஒரு சொட்டு விழுகிறதா என்று கையை நீட்டினார். விழவில்லை. திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சொந்த வீட்டைக் கொடுக்கிற மேனேஜரை நான் பார்த்ததே இல்ல."

சாப்பாட்டு மேஜையில் சேர்மன் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டையில ஒரு பொத்தானைக் காணோமே."

"வீட்டம்மா தையல் வகுப்புலதாம்மா இருக்கா. மெதுவாத்தான் ஏறுது" என்று சிரித்தார் மேனேஜர். மனைவி ஒரு கரண்டியை அவர் தட்டில் கொஞ்சம் பலமாகவே கவிழ்த்தாள்.

"சரி, அந்த பிளம்பிங் பொண்ணு. ஆள் எப்படி இருப்பா?"

"சின்னப் பொண்ணும்மா. ஒல்லியா, துறுதுறுன்னு இருப்பா. என்னைக் கண்டா பயம் கலந்த மரியாதை."

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள் மனைவி.

சேர்மன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "முடிவு பண்ணிட்டேன். புது மையத்துக்கு நீங்கதான் தலைமை. ஆனா ஒரு நிபந்தனை. அங்க பட்டறை முழுக்க அந்தப் பொண்ணு பொறுப்பு. எதை உடைக்கணும், எதைக் கட்டணும்னு அவ சொல்றதுதான் சட்டம். நீங்க குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. சம்மதமா?"

"அம்மா! அந்தப் பொண்ணு கிழிச்ச கோட்டை நான் தாண்டினா ஏன்னு கேளுங்க!" என்று நெஞ்சில் கை வைத்தார் மேனேஜர். கை, பொத்தான் இல்லாத இடத்தில் போய் நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் எழுந்து, "வாம்மா, நல்லாயிருக்கியா?" என்று முகத்தை மலர்த்திக்கொண்டு நின்றார். பிளம்பிங் மாஸ்டர் வந்தார். அவர் பின்னால் யாரும் இல்லை.

"என்ன மாஸ்டர், தனியா வர்றீங்க?" என்றார் சேர்மன் அம்மா. "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே?"

மாஸ்டர் ஒன்றும் புரியாமல் சேர்மன் அம்மாவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து, கரண்டியோடு நின்ற மனைவியிடம் நீட்டினார்.

"அவங்க வீட்டுக்கே அவங்களை எப்படிம்மா கூட்டிட்டு வர்றது? இந்தாங்க தங்கச்சி, வியாழக்கிழமை பரீட்சைக்காக உங்க குழாயிலேர்ந்து கழட்டிட்டு வந்த வாஷர், என் மேஜையிலேயே விட்டுட்டுப் போயிட்டீங்க!"