காக்காய் பறந்த கச்சேரி

காரைக்காலில் பிரான்ஸுக்குப் போகாதவர்களில் பிரான்ஸை மிக அதிகம் அறிந்தவர் அவர்தான். அதனால் அவருக்குப் பெயரே பிரான்ஸ். பாரீஸில் இருப்பது அவருடைய மைத்துனர். இவர் அதிகபட்சம் பாண்டிச்சேரி வரை போனவர், அதுவும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, "பிரெஞ்சுக்காரன் இதையெல்லாம் தொடமாட்டான்" என்று கல்யாண வீட்டு சாம்பாரைக் குறை சொல்லிவிட்டு மறுபடியும் வாங்கிக்கொள்வார்.

எங்களுடையது இன்னிசைக் குழு. பிரான்ஸ் கீபோர்டும் பாட்டும். அவர் மனைவி விஜயா அக்கா பெண் குரல். ஜபார் பாய் பேஸ் கிட்டார். நான் ரிதம் பேட். எங்கள் சத்தத்தில் சம்பந்திகள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள முடியாமல் போன கல்யாணங்கள் ஏராளம். பல குடும்பங்கள் இன்றைக்கும் ஒற்றுமையாக இருக்க நாங்களே காரணம்.

ஒருமுறை லீவில் வந்த மைத்துனர் ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முழுக்க அமெரிக்கக் கறுப்பர்கள் மேடையில் பாடிய சோல் மியூசிக். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

"தம்பி, சோல்னா என்னன்னு தெரியுமா? ஒருத்தன் மனசுல உள்ளதக் கொட்டுவான். எதிர்ல இருக்கவன் 'ஆமாய்யா, ஆமா'ன்னு ஏந்திக்குவான். ஏந்த ஆளில்லன்னா பாட்டே இல்ல."

"நம்ம ரிசப்ஷன்ல எல்லாரும் தட்டத்தானண்ணே ஏந்துறாங்க?"

பிரெஞ்சில் ஏதோ திட்டினார். பிரெஞ்சு என்றுதான் நாங்கள் நம்புகிறோம்.

பிறகு சொந்தமாகப் பாட்டுப் போடக் கிளம்பினார். மெட்டு அவருடையது, வரிகள் விஜயா அக்காவுடையவை. அக்கா மீன் ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொல்வார்: "ஏங்க, இது கோலமாவு விக்கிறவரு கூவுற மாதிரியில்ல இருக்கு? மாத்துங்க." சண்டை வரும், மாற்றுவார், பாட்டும் வரும். ஊரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் அக்கா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஒரு பாட்டு பல்லவியோடு நின்றுபோனது. பிரான்ஸ் கல்யாணங்களில் வாசித்தார், வாயை மட்டும் திறக்கவில்லை. ரிகர்சலில் அந்தப் பல்லவியை வாசிப்பார், சரணம் வரவேண்டிய இடத்தில் கையை எடுத்துவிடுவார். "இது முடியலன்னா நான் இனிமே பாடமாட்டேன் தம்பி" என்றார் ஒருநாள். அவர் பாடும்போது எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். பாடாதபோது என் கேலியும் நின்றுபோனது.

தலைத்திவசம் வந்தது. ஊரில் எல்லாரும் திவசத்துக்கு வடை பாயசத்தோடு படையல் போடுவார்கள். பிரான்ஸ் கூடவே ஆம்ப்ளிஃபயரும் போட்டார்.

"யா அல்லா! திவச வீட்டுல கச்சேரியா? ஜமாத்துல கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றார் ஜபார் பாய், கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே.

"அவ மேடையில பாடுனவ பாய். மந்திரம் மட்டும் போதுமா அவளுக்கு?"

புரோகிதர் முடித்தார். காக்காய்க்குச் சோறு வைத்தார்கள். வெகுநேரம் கூப்பிட்ட பிறகு ஒரு காக்காய் மனமிரங்கிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். பிரான்ஸுக்குப் பொறுமை எப்போது இருந்தது? "தம்பி, சும்மா ஒரு தட்டு தட்டிப் பாரு" என்றார். அவர் வைத்திருந்தது கல்யாண வால்யூம். இடி விழுந்தது. காக்காய் கிளிஞ்சல்மேடு பக்கமாகப் பறந்தே போய்விட்டது.

விஜயா அக்காவின் மூத்த சகோதரி பெரியக்கா நெரவியிலிருந்து வந்திருந்தார். இழவு வீட்டில் அவர் ஒப்பாரி வைத்தால், செத்தவரைப் பிடிக்காதவர்களும் அழுவார்கள்.

"பாவி மனுசா! ஒரு வாய் திங்க வந்தவள வெரட்டிப்புட்டியே! உசுரோட இருந்தப்பவாவது நிம்மதியாத் திங்கவிட்டியா? மெட்டு மெட்டுன்னு உசுர எடுத்தியே!"

திட்டு நீண்டது. நீண்டு ராகமாயிற்று. பெரியக்கா மாரில் அடித்துக்கொண்டு, "கூடப் பொறந்த கிளியே, ஒனக்கு வச்ச சோறு ஆறுதடி" என்று இழுத்தார்.

பிரான்ஸின் விரல்கள் அந்தச் சுருதியைத் தேடிப் பிடித்தன. பாயின் பேஸ் அடியில் வந்து சேர்ந்துகொண்டது. பெரியக்கா மறுபடி அந்த வரியைப் பாடியபோது, "ஆமாடி, ஆறுதடி" என்று ஒரு குரல் ஏந்தியது. கரகரத்த குரல், சுருதி விலகிய குரல். ஒரு வருஷமாக நாங்கள் கேட்காத குரல். அப்படியே அவர் அக்கா விட்டுப்போன பல்லவிக்குப் போனார், சரணம் வரவேண்டிய இடத்தில் பெரியக்கா ஒப்பாரியின் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். பாதியில் நின்ற பாட்டு முடிந்தது. பஸ்ஸுக்கு அவசரப்பட்ட புரோகிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் தாளத்தை எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியாது, கண்ணீர் மறைத்துவிட்டது.

காக்காய் கடைசி வரை திரும்பி வரவில்லை. பெரியக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அடுத்த வருசம் காக்கா தின்னப்புறம் வாசிங்க மாப்ள" என்றார்.

பிரான்ஸ் இப்போது எல்லா மேடையிலும் பாடுகிறார். சம்பந்திகள் பாடுதான் மறுபடி திண்டாட்டம். நன்றாகப் பாடுகிற இரண்டு குழுக்கள் என்னை வாசிக்கக் கூப்பிட்டன. அந்தக் கரகரத்த குரலை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?