கரிக்காரில் என் ஜானவாசம்

மூடி போட்ட எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. கடிகாரமோ, ஹார்மோனியமோ, அடுத்த வீட்டு மருந்துப் பெட்டியோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு பழையபடி மூடத் தெரியாது என்பது வேறு விஷயம். (எங்கள் வீட்டுக் கடிகாரம் என் கை பட்ட நாளிலிருந்து மணி அடிப்பதை விட்டுவிட்டு முனகுவதோடு நிறுத்திக்கொண்டது.) இந்தக் குணத்தால் ஒரு தடவை என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். எனக்குப் பெண் கொடுக்க இருந்த மயிலாப்பூர் மாமனார், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையை அழைத்து வரும் ஜானவாச ஊர்வலத்துக்காக ஆழ்வார்பேட்டை நண்பர் ஒருவரிடம் திறந்த கார் ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். அது கரியில் ஓடுகிற கார். பின்னால் ஓர் இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்தால், உண்டாகிற வாயு தடித்த குழாய் ஒன்றின் வழியாக இஞ்சினுக்குப் போகும். கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல். வண்டி நகர்ந்த பிறகு டிரைவர் ஒரு பிடியைத் திருப்பிக் கரிக்கு மாற்றிக்கொள்வார்.

மாப்பிள்ளை வீட்டாராகிய நாங்கள் இறங்கியிருந்த ஜாகையின் கொல்லையில், ஊர்வலத்தன்று காலையிலேயே டிரைவர் முனுசாமி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கரி பஸ்களைத் தெருவில் பார்த்திருக்கிறேனே தவிர, கை எட்டும் தூரத்தில் ஒன்று கிடைத்தது அன்றைக்குத்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லை.

"டெய்லி இந்தக் கொழாயக் கயட்டித் தொடைக்கணும் சாமி. இல்லாங்காட்டி கரி அடைச்சிக்கினு வண்டி மக்கர் பண்ணும்" என்றார் முனுசாமி.

அதை நான் துடைத்து வைக்கிறேன் என்றேன். மாப்பிள்ளையைக் குழாய் துடைக்க விடுவதா என்று தயங்கினார். சமையல்கட்டிலிருந்து வந்த நெய் வாசனை என் கட்சியில் சேர்ந்து பேசியது, சாப்பிடப் போய்விட்டார்.

குழாயைக் கழற்றினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். இருட்டு. ஊதினேன். என் முகத்துக்கே திரும்பி வந்தது. மூங்கில் குச்சி ஒன்று கிடைத்தது. அதன் நுனியில் சுற்றத் துணி வேண்டும். கை தானாகத் தேடியது, தோளில் கிடைத்தது, சுற்றிவிட்டது. உள்ளே வளைவு இருக்கிறதா, எத்தனை தூரம் போகிறது என்கிற ஆராய்ச்சியில் நான் மூழ்கியிருந்தபோது, நாவிதர் வந்து காத்திருக்கிறார் என்று என் அத்தை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். (அலமேலு அத்தை குரல் கொடுத்தால் அடையாற்றில் படகுகள் கரை ஒதுங்கும்.) குச்சியை வெடுக்கென்று இழுத்தேன். குச்சி வந்தது. துணியைப் பற்றி யார் நினைத்தார்கள்? குழாயை மாட்டிவிட்டு ஓடினேன்.

இருட்டடிப்புக் காலமாகையால் பொழுது சாய்வதற்குள் ஊர்வலம் முடிய வேண்டும். பிள்ளையார் கோயிலிலிருந்து கோட்டும் டையும் மாலையுமாக நான் காரில் ஏறினேன். முன்னால் நாதஸ்வரம். பெட்ரோலில் ராஜநடை போட்டது வண்டி. மாட வீதி முனையில் முனுசாமி பிடியைத் திருப்பினார். கார் இருமியது, விக்கியது, நின்றது. பின்னால் டிரம்மின் மூடி இடுக்கிலிருந்து கரும்புகை கிளம்பி நேராக என் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது.

அந்தக் கணமே குச்சி மட்டும் வந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. குதித்து இறங்கியிருப்பேன். ஆனால் ஜானவாசத்தில் மாப்பிள்ளை நடுவழியில் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். அதற்குள் கல்யாண வீட்டுச் சமையற்காரர் ஊதுகுழலோடு வந்து, அடுப்பை இவ்வளவு அடைத்தால் எப்படி எரியும் என்று கேட்டுக்கொண்டே ஊத ஆரம்பித்தார். இன்னொருவர் விசிறினார். நாதஸ்வரக்காரர் அதே ராகத்தை இழுத்துக்கொண்டே, புகை படாத இடமாகப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார்.

நான் முன்பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், குழாயைக் கழற்றிப் பார்க்கும்படி முனுசாமியிடம் சொன்னேன். அவர் தெருவுக்கே கேட்கும் குரலில் பதில் சொன்னார்:

"நீங்களே தொடச்சி வெச்ச கொழா, சாமி. அதுல இன்னா இருக்கப்போவுது? கரிதான் ஈரமா கீது."

என்னை இவ்வளவு நம்பிய மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் சந்தித்ததில்லை.

அதற்குள் அத்தை மாமனாரிடம் போய்விட்டாள். "பொண்ணு இன்னும் எங்காத்துல காலே வெக்கலை, அதுக்குள்ள வண்டி நின்னுடுத்து. அவ ஜாதகத்தை இன்னொரு தரம் பார்க்காம நாளைக்கு முகூர்த்தம் வேண்டாம்."

மாமனாரின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். வாசலில் பந்தல், உள்ளே வந்து இறங்கிய உறவு, இன்னும் கல்யாணமாகாத இரண்டாவது பெண் எல்லாம் அவர் கண்ணில் தெரிந்தன. கார் நின்றதற்கும் எனக்கு நிச்சயித்த பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் முழுக்க மாலை போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தேன். புகைதான் உள்ளே போனது. இருமி முடித்து, "முனுசாமி, கழற்று" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அத்தையின் குரல் மாதிரி கேட்டது.

கழற்றினார். விரலை விட்டார். பிறகு செப்பிடுவித்தைக்காரனைப் போல இழுக்க ஆரம்பித்தார். கறுப்பாக வந்தது. இன்னும் வந்தது. மாட வீதியே மூச்சு விடாமல் பார்த்தது.

மாமனார் அதை வாங்கி, ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். சிவப்பாக மயில்கண் கரை எட்டிப் பார்த்தது. துணித் தட்டுப்பாட்டில் எங்கெங்கோ அலைந்து, நிச்சயதார்த்தத்துக்கு அவரே எனக்கு எடுத்துக் கொடுத்த அங்கவஸ்திரம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கரையை மெச்சியவள் அத்தை. அவர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

அவர் அத்தையிடம் திரும்பி, மிகப் பணிவாகச் சொன்னார்: "ஜாதகத்தைப் பார்க்க வேண்டாம்னு தோண்றது. மாப்பிள்ளையைத்தான் கொஞ்சம் பார்த்துக்கணும்."

முதலில் சிரித்தவர் நாதஸ்வரக்காரர். வாசிப்பு நடுவில் பிசிறடித்தது. அப்புறம் தெருவே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் ஜாதகப் பேச்சையும் எடுக்கவில்லை.

குழாய் சரியானாலும், ஊதிய ஊதலில் டிரம்மில் நெருப்பு அணைந்துபோயிருந்தது. சம்பந்திகள் இரு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். கறுப்பு முகமும் வெள்ளைக் கண்ணுமாக நான் போய் இறங்க, ஆரத்தி எடுத்த பெண்மணிக்குத் தட்டு ஆடியது.

மறுநாள் குறித்த நேரத்தில் தாலி கட்டினேன். சாயங்காலம் நலங்கு விளையாட்டில் என் மனைவி முதல் முதலாக என்னிடம் பேசினாள். திட்டப் போகிறாள் என்று தயாராக இருந்தேன்.

"அந்தக் குழாய் எங்கேர்ந்து எங்கே போறது?" என்று கேட்டாள்.

அவள் தலைக்கு மேல் உடைக்க வேண்டிய அப்பளத்தை மறந்து விளக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பழுதானாலும் இரண்டு பேராகத்தான் திறக்கிறோம். மூடுவது அவள் பொறுப்பு. திறப்பதற்கு முன் ஒரு வார்த்தையும் பேசாமல் கையை நீட்டுவாள்; தோளில் இருப்பதை நான் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

போன மாசம் எங்கள் பெண்ணின் கல்யாணம். ஜானவாசத்துக்கு மண்டபத்து வாசலிலேயே மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்ததும், அத்தனை சம்பந்திகளுக்கு நடுவில் என் மனைவி என் எதிரே வந்து கையை நீட்டினாள். புது அங்கவஸ்திரத்தைக் கொடுத்தேன். மாப்பிள்ளை விழிக்க, பல்லில்லாத வாயோடு அலமேலு அத்தை கதையை ஆரம்பித்துவிட்டாள். (அவள் கதையில் முனுசாமி இழுப்பது வேஷ்டி.) எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நான் மெல்லக் காரின் முன்பக்கம் போய் இஞ்சின் மூடியைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கினேன்.

பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. என் பெண்ணின் கை. அதில் ஒரு பழந்துணி இருந்தது.