ஏரிக்குப் போகத் தயாரானவர்

உலகத்தில் பயணம் போகிறவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இந்த இருவருக்கும் நடுவில், ஒரு கையில் வண்டிச் சாவியும் மறு கையில் பட்டியலுமாக வாசலிலேயே நிற்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. ஆயத்தக்காரர் என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தது நான்தான். அவரைக் கேட்டால், "நான் முன்யோசனைக்காரன்" என்று சொல்லிக்கொள்வார்.

கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அது வீட்டுக்கு வந்த அன்றே, மலைமேல் இருக்கும் ஏரிக்கு மண்பாதையில் கூட்டிப்போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து ஜீப் தார் ரோட்டைவிட்டு ஓர் அங்குலம் இறங்கியதில்லை. ஆனால் ஆயத்தம்? அது அமோகமாக நடந்தது. கண் பரிசோதனைக்கு வந்தவர் கடைசி வரிசை எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, "மண்ணுல போறப்ப டயர்ல பாதிக் காத்துதான் இருக்கணும், தெரியுமா சார்?" என்று காதருகே குனிவார். வந்தவர் எழுத்தைக் கைவிட்டுத் தலையாட்டுவார். பாவம், வேறு என்ன செய்வார்?

ஆயத்தக்காரருக்குப் பொருள் வாங்குவது பாதி சந்தோஷம் என்றால், வாங்கிய பொருளுக்குத் துணைப்பொருள் வாங்குவது மீதி சந்தோஷம். சேற்றில் சிக்கினால் இழுக்கக் கயிறு, கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு, மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கப் பலகை, தோண்ட மடக்கு மண்வெட்டி, காட்டில் தொலைந்தால் ஊத விசில், விசில் தொலைந்தால் ஊத இன்னொரு விசில் என்று வரவேற்பறை நிரம்பி, விருந்தாளிகள் ஜாக்கியின் மேல் உட்காரும் நிலைமை வந்தது. முதலுதவிப் பெட்டியும் வந்தது. காயத்துக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று மனைவிக்கு அரை மணி நேரம் செய்து காட்டினார். அவர் மனைவி பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை, கயிறு வரவில்லை. இரண்டாம் முறை, வந்த மடக்கு மண்வெட்டி மடங்கவில்லை. அந்த அம்மாளுக்கோ ஏழு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை விடுப்பு கிடைத்திருந்தது. நாள் முழுக்க வார்டில் நின்று நின்று வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

"இங்க பாருங்க. இந்தச் சனிக்கிழமை நான் அந்த ஏரியில காலை நனைக்கணும். ஜீப் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"அதுக்குத்தானம்மா இத்தனை ஏற்பாடும்!" என்றார் இவர்.

பாதையைப் பற்றி விசாரிக்காமல் விடுவாரா? சனிக்கிழமைதோறும் ஏரிக்கரைத் தோட்டத்திலிருந்து தெருவுக்குக் காய்கறி கொண்டுவருகிற அக்கா, ஒரு சின்ன லோடு வண்டியைத் தானே ஓட்டிவருவார். போன வாரம் அவரை மடக்கி, பாதையின் சரிவு என்ன, பள்ளத்தின் ஆழம் என்ன என்று நோட்டுப் புத்தகத்தோடு கேட்டார்.

"பள்ளம் வந்தா மெதுவாப் போவேன் சார்" என்றார் அக்கா.

'தகவல் போதாது' என்று இவர் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. சாமான் முழுவதும் முந்தின நாளே பட்டியல் வரிசைப்படி வண்டியில் ஏறியாகிவிட்டது. மனைவி செருப்பு மாட்டி, தண்ணீர் பாட்டிலோடு முன்சீட்டில் உட்கார்ந்தும்விட்டார். அப்போதுதான் நம் ஆளுக்கு ஒரு யோசனை உதித்தது. அங்கே போய் நேரத்தை வீணாக்குவானேன்? நாலு டயரிலும் பாதிக் காற்றை இங்கேயே இறக்கிவிட்டால்? புஸ்ஸென்று இறக்கினார். நாலாவது டயரில் கைவைத்து நிமிர்ந்தபோதுதான், மண்பாதை தொடங்குமுன் அறுபது கிலோமீட்டர் தார் ரோடு இருப்பது நினைவுக்கு வந்தது.

பரவாயில்லை, காற்றடிக்கிற மெஷின் இருக்கிறதே! இருக்கிறது. பட்டியலில் அது முதல் பொருள். ஆகவே முதலில் ஏறியது. ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

கயிறு இறங்கியது, பலகை இறங்கியது, மண்வெட்டி இறங்கியது, இரண்டு விசிலும் இறங்கின. மெஷின் கிடைத்தது. எட்டரை மணி. சட்டென்று காற்றடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம் அல்லவா? நீங்களும் நானும் அப்படித்தான் செய்வோம். அவர் அதன் கையேட்டைப் பிரித்தார். நாற்பத்தெட்டுப் பக்கம்.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"பாதுகாப்புப் பகுதியை மட்டும் படிச்சிடறேம்மா."

ஒன்பதரைக்குக் காய்கறி அக்கா வியாபாரத்தை முடித்து, காலி வண்டியோடு தெருமுனையில் திரும்பினார். மனைவி ஜீப்பைவிட்டு இறங்கிக் கை காட்டினார்.

"அக்கா, ஏரிக்குத்தானே? நானும் வரட்டுமா?"

"ஏறும்மா. சாயங்காலம் சந்தைக்குத் திரும்புவேன், அப்ப விட்டுடறேன்."

"என்னங்க, நான் போயிட்டு வரேன்."

அவ்வளவுதான். புகையைக் கக்கிக்கொண்டு வண்டி போய்விட்டது. பதினாறாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இவர் நின்றார். கோபம் வந்தது. கோபம் நிற்கவில்லை, போய்விட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததை ஆயத்தக்காரர்கள் பட்டியலில் சேர்ப்பதே இல்லை: அவளோடு போயிருக்கலாமே என்ற வருத்தம்.

நண்பகலில் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. தெளிந்த தண்ணீருக்குள் இரண்டு பாதங்கள். பின்னால், கரையில், அந்த லோடு வண்டி. நம்மவர் படத்தைப் பெரிதாக்கினார். பாதத்தையா பார்த்தார்? வண்டியின் பின்டயரைப் பார்த்தார். தேய்ந்து வழவழவென்று இருந்தது. காற்று வேறு முழுசாக இருந்தது.

'இந்த டயரில் அந்தப் பாதையில் போகவே முடியாது' என்று பதில் அனுப்பினார்.

அங்கிருந்து வந்தது: 'சரிங்க. உங்களுக்கும் சேர்த்து நனைச்சுட்டேன்.'

அவர் ஜீப்பின் படிக்கட்டில் உட்கார்ந்து அதை நாலு முறை படித்தார். கண் கலங்கியது. அடுத்த விடுப்புக்குக் கட்டாயம் போய்விடுவது என்று அங்கேயே முடிவுகட்டி, ஒரு பேனாவைத் தேடி எடுத்து, புதுப் பட்டியலின் முதல் வரியை எழுதினார்: 'மெஷின் மேலே இருக்க வேண்டும்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராத அந்த ஓட்டப்பயிற்சி ஷூ யாருடையது? எங்கேயோ போகலாம் என்று யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு, எந்த மாதம் வெயில் குறைவு என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பது யார்? ஒருவேளை அவர் இப்போதே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார். நீங்களோ, "இதோ, இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தானே இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?